சஸ்பெண்ட் நேரத்தில் டிரைவரின் பின்னணி வேலையை யார் நிறுத்த வேண்டும்?

முதலில் நீங்கள் கேட்டதை என் சொற்களில் சொல்லிவிடுகிறேன், நான் தப்பாகப் புரிந்துகொண்டிருந்தால் நீங்கள் திருத்தலாம். தென்னாப்பிரிக்காவின் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் ஒரு கடையின் குளிர்பெட்டிக்குப் பேட்டரிப் பெட்டி செய்கிறீர்கள். உள்ளே சின்ன ஆர்ம் போர்டு (சிறு கணினி), அதில் லினக்ஸ், ஐ-டூ-சி கம்பியில் (சிப்கள் பேசிக்கொள்ளும் இணைப்பு) பேட்டரியின் இருப்பை அளக்கும் சிப் ஒன்று. அதற்கு நீங்களே எழுதிய டிரைவர் (சாதனத்தை இயக்க லினக்ஸின் மையமான கெர்னலில் ஓடும் நிரல்), 10 விநாடிக்கு ஒருமுறை ஒரு டிலேய்ட் வொர்க்கை, அதாவது குறித்த நேரம் கழித்து ஓடும் பின்னணி வேலையை, ஓட்டிச் சிப்பைப் படிக்கிறது. சார்ஜ் குறைந்தால் சிப்பின் அலர்ட் பின் இன்டரப்ட் (சிபியூவை உடனே கவனிக்கச் சொல்லும் சமிக்ஞை) கொடுத்து போர்டை எழுப்ப வேண்டும். முதல் பதிப்பில் பொது வொர்க்கியூவைப் (பின்னணி வேலைகள் காத்திருக்கும் வரிசை) பயன்படுத்தி, போர்டு தூங்கப் போகையில் கெர்னல் அழைக்கும் சஸ்பெண்ட் ஃபங்ஷனில் 'கேன்சல் டிலேய்ட் வொர்க்' அழைத்தீர்கள். அவ்வப்போது லாகில் "டிரான்ஸ்ஃபர் வைல் சஸ்பெண்டட்" என்ற எச்சரிக்கை வந்தது. யாரோ சொன்னார்கள் என்று ஃப்ரீசபிள் வொர்க்கியூவுக்கு (தூங்கும் முன் உறைந்துவிடும் வரிசை) மாற்றினீர்கள். இப்போது எச்சரிக்கை குறைந்தது, ஆனால் சில நாள் போர்டு எழவே மாட்டேன் என்கிறது. ஃப்ரீசபிள் சரியா, கேன்சல் சரியா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கேள்விக்கு அடியில் இன்னொன்று கிடக்கிறது: சிப்பும் அதன் கம்பியும் தூங்கும் நேரத்தில் என் பின்னணி வேலை அவற்றைத் தொடாது என்பதற்கு யார் பொறுப்பு, கெர்னலா, நானா? பொறுப்பு உங்களுடையது. கெர்னல் சில கருவிகளைக் கையில் கொடுக்கும், அவ்வளவுதான்.

நான் டர்பனில் இன்வெர்ட்டர், பேட்டரி கண்காணிக்கும் பெட்டிகளுக்கு டிரைவர் எழுதிக்கொண்டிருப்பவன், பதினான்கு வருஷமாக. இங்கே வேலைப் பேச்சு முழுக்க ஆங்கிலத்தில் நடப்பதால், இதைத் தமிழில் ஒருவர் கேட்டதைப் பார்த்ததும் உட்கார்ந்து நிதானமாக எழுத வேண்டும் என்று தோன்றியது. அதோடு இந்த நாட்டில் லோட் ஷெடிங் (முறைவைத்து மின்சாரத்தை நிறுத்துவது) நமக்கு ஒரு பெரிய சோதனைச்சாலையாக இருந்திருக்கிறது. 2023இல் பல நாட்கள் ஒரே நாளில் மூன்று நான்கு தடவை மின்சாரம் போய்வந்தது நினைவிருக்கும். வேறு ஊரில் வருஷத்துக்கு ஒருமுறை தலைகாட்டும் சஸ்பெண்ட் பிழை அப்போது இங்கே ஒரு வாரத்திலேயே வெளியே வந்துவிட்டது. ஃபங்ஷன் பெயர்களைத் தமிழ் எழுத்திலேயே எழுதுகிறேன், சொற்களுக்கு நடுவே இடைவெளி இருக்கும் இடத்தில் அடிக்கோடு என்று படித்துக்கொள்ளுங்கள்.

தூங்கப் போகும் வரிசை மனப்பாடமாக இருந்தால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். கட்டளை வந்ததும் முதலில் பி-எம் நோட்டிஃபையர் (தூக்கம் வருகிறது என்று முன்கூட்டியே சொல்லும் ஏற்பாடு) பதிந்து வைத்தவர்களுக்குத் தகவல் போகிறது. அடுத்து பயனர் நிரல்கள் எல்லாம் உறைய வைக்கப்படுகின்றன. அதற்கடுத்து, உறையச் சம்மதித்திருக்கும் கெர்னல் த்ரெட்களும் (கெர்னலுக்குள் தனித்தனியாக ஓடும் இழைகள்) ஃப்ரீசபிள் என்று அடையாளமிட்ட வொர்க்கியூக்களும். இதெல்லாம் முடிந்த பிறகுதான் டிரைவர்களின் முறை வருகிறது: பிரிப்பேர், சஸ்பெண்ட், சஸ்பெண்ட் லேட். பின்பு சாதன இன்டரப்ட்களை அடைத்துவிட்டு, சஸ்பெண்ட் நோ-ஐ-ஆர்-க்யூ (இன்டரப்ட் இல்லாத கட்டம்; ஐ-ஆர்-க்யூ என்றால் இன்டரப்ட்). கடைசியில் மற்ற சிபியூக்கள் அணைந்து, கடிகாரம் நின்று, தூக்கம். டிரைவர்களுக்குள்ளும், பிரிப்பேர் தவிர மற்றக் கட்டங்களில், ஒரு வரிசை உண்டு: பிள்ளை முதலில், பெற்றோர் பிறகு. உங்கள் சிப் ஐ-டூ-சி கன்ட்ரோலருக்கு (அந்தக் கம்பியை இயக்கும் பகுதி) பிள்ளை, ஆகவே ஒரே கட்டத்தில் சிப்பின் சஸ்பெண்ட் ஓடி முடிந்த பிறகே கன்ட்ரோலரின் சஸ்பெண்ட் ஓடும். எழும்போது எல்லாம் தலைகீழ். தூங்கப் போகையில் டிரைவர்களுக்கு முன்பே உறைந்தவை, எழும்போது டிரைவர்கள் எல்லோரும் எழுந்து முடித்த பிறகே உருகும். இந்த ஒரு வாக்கியத்தை மட்டும் மறக்காதீர்கள், உங்கள் போர்டு தொங்குவதற்கு விடை இதில்தான் இருக்கிறது.

சரி, முதல் பதிப்பு. 'ஷெட்யூல் டிலேய்ட் வொர்க்' போடும் வேலை பொது வொர்க்கியூவுக்குப் போகிறது. அது உறையாது. டிரைவர்கள் ஒவ்வொருவராகத் தூங்கிக்கொண்டிருக்கும்போதும் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். நீங்கள் அழைத்தது கடைசியில் 'சிங்க்' இல்லாத கேன்சல். அது டைமரில் காத்துக்கிடக்கும் வேலையை எடுத்துவிடும், ஆனால் ஏற்கெனவே ஓடத் தொடங்கிவிட்ட வேலைக்காகக் காத்திருக்காது. அந்த நொடியில் உங்கள் வேலை சிப்பைப் படித்துக்கொண்டிருந்தால், சஸ்பெண்ட் ஃபங்ஷன் திரும்பிவிடும், கன்ட்ரோலரும் தூங்கிவிடும், வேலை அடுத்த ரெஜிஸ்டரை (சிப்புக்குள் மதிப்பு இருக்கும் இடம்) படிக்கக் கை நீட்டும். அப்போதுதான் ஐ-டூ-சி அடிப்படைக் குறியீடு, தூங்கும் கன்ட்ரோலரில் யாரோ பரிமாற்றம் கேட்கிறார்கள் என்று அந்த எச்சரிக்கையை அச்சடித்துப் பிழைக் குறியோடு திருப்பி அனுப்புகிறது. இதோடு முடிவதில்லை. உங்கள் வேலை கடைசி வரியில் தன்னையே மறுபடி 10 விநாடிக்குப் போட்டுக்கொள்கிறது. கேன்சல் செய்தாயிற்று என்று நீங்கள் நம்பிக்கொண்டிருக்கையில் ஒரு டைமர் ஓடிக்கொண்டே தூங்கப் போகிறது. எழுந்ததும், கன்ட்ரோலர் கண் திறப்பதற்கு முன்பே அது வெடிக்கக்கூடும். உங்கள் லாகில் எச்சரிக்கை சில நாள் தூங்கும் பக்கமும் சில நாள் எழும் பக்கமும் வந்திருப்பதற்கு இது பொருந்துகிறது.

அந்த எச்சரிக்கை வந்ததே நல்ல காலம் என்று வையுங்கள். ஐ-டூ-சியில் நடுவில் ஒரு காவல்காரர் நிற்கிறார். ரெஜிஸ்டரை நேராகத் தொடும் டிரைவராக இருந்தால் அப்படி யாரும் இல்லை. பிசிஐ சாதனம் தூங்கும்போது படித்தால் எல்லா பிட்டும் ஒன்றாக வரும். அந்த மதிப்பை உண்மையென்று நம்பி மேலே போகும் குறியீட்டை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பல ஆர்ம் சிப்களில் கிளாக் அணைந்த பகுதியைத் தொட்டால் சிபியூவே அப்படியே நின்றுவிடும், இல்லாவிட்டால் பஸ் பிழையோடு கெர்னல் விழும். லாகில் ஒரு வரி கூட மிஞ்சாது.

இரண்டாம் பதிப்புக்கு வருவோம். ஃப்ரீசபிள் வொர்க்கியூ என்ன செய்கிறது என்பதில் பலருக்கும் குழப்பம். பழைய காலத்தில் ஒவ்வொரு வொர்க்கியூவுக்கும் சொந்த த்ரெட் இருந்தது, அந்த த்ரெட்டை உறைய வைத்தால் போதும். 2010இல் 2.6.36 கெர்னலில் டெஜுன் ஹியோ இதை மாற்றியமைத்த பிறகு வொர்க்கர் த்ரெட்கள் எல்லாருக்கும் பொதுவாகிவிட்டன, ஒரு க்யூவுக்காக அவர்களை உறைய வைக்க முடியாது. ஆகவே உறைதல் க்யூவின் வாசலில் நடக்கிறது: ஒரே நேரத்தில் எத்தனை வேலை ஓடலாம் என்ற எல்லையைப் பூஜ்யமாக்கிவிடுகிறது கெர்னல். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பது முடியும்வரை காத்திருக்கும். புதிதாக வருவது க்யூவில் சேரும், ஆனால் ஓடாது. காத்திருப்புக்கு எல்லை 20 விநாடி, அதற்குள் ஓடும் வேலை முடியாவிட்டால் சஸ்பெண்டே கைவிடப்பட்டு, லாகில் 'டபிள்யூக்யூ பிஸி' என்பதற்குப் பக்கத்தில் 1 என்று ஒரு வரி வரும். அந்த 20 விநாடி, சிஸ் கோப்பகத்தின் கீழே பவர் என்ற இடத்தில் 'பி-எம் ஃப்ரீஸ் டைம்அவுட்' கோப்பில் மில்லிவிநாடியில் இருக்கிறது, மாற்றலாம்.

ஆக, ஃப்ரீசபிள் க்யூவில் போட்டால், உங்கள் சஸ்பெண்ட் ஃபங்ஷன் தொடங்கும் முன்பே வேலை நின்றிருக்கும், உங்கள் ரெஸ்யூம் (எழும்போது அழைக்கப்படும் ஃபங்ஷன்) முடிந்து நெடுநேரம் கழித்துத்தான் மறுபடி ஓடும். பத்து விநாடிக்கு ஒருமுறை படிக்கும் வேலைக்கு இது மிகப் பொருத்தம். எஸ்டி கார்டு செருகப்பட்டதா என்று பார்க்கும் எம்எம்சி அடிப்படைக் குறியீடு தன் வேலையைப் பொது ஃப்ரீசபிள் க்யூவில்தான் போடுகிறது; யூஎஸ்பி ஹப்பின் க்யூவும் ஃப்ரீசபிள்தான். மற்ற சாதனங்கள் பாதித் தூக்கத்தில் இருக்கும்போது புதுச் சாதனத்தைச் சேர்க்கவோ நீக்கவோ கிளம்பினால் ரகளைதான், அதனால் அவர்களுக்கு அது தேவை.

இப்போது உங்கள் ரெஸ்யூம் ஃபங்ஷனைப் பாருங்கள். அலர்ட் பின் அடித்திருந்தால் உடனே ஒரு அளவு எடுத்துவிடலாம் என்று வேலையைக் க்யூவில் போட்டு, அடுத்த வரியில் அந்த வேலை முடியும்வரை காத்திருக்கும் 'ஃப்ளஷ் டிலேய்ட் வொர்க்' அழைத்திருக்கிறீர்கள். க்யூ இன்னும் உறைந்தே இருக்கிறது. அது உருக வேண்டுமென்றால் எல்லா டிரைவர்களின் ரெஸ்யூமும் முடிய வேண்டும். உங்கள் ரெஸ்யூமோ அந்த வேலை முடியக் காத்து நிற்கிறது. வேலை உங்களுக்காக, நீங்கள் வேலைக்காக, இரண்டு பேருமே அசையப் போவதில்லை. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நீங்கள் ஒட்டியிருக்கும் குறியீட்டிலேயே தெரிகிறது. அலர்ட் வந்த நாளில் மட்டும் தொங்குவதும், சாதாரணமாக மின்சாரம் திரும்பி எழுந்த நாளில் ஒழுங்காக இருப்பதும் இதனால்தான். அந்த ஃப்ளஷ் வரியை எடுத்துவிடுங்கள். க்யூவில் போடுவதோடு விட்டால் போதும், எல்லோரும் எழுந்த பிறகு அது தானாக ஓடும். இதே கண்ணி சஸ்பெண்ட் ஃபங்ஷனிலும் இருக்கிறது: உறைந்த க்யூவில் ஓடாமல் ஒரு வேலை கிடந்தால், அங்கே ஃப்ளஷ் அழைத்தாலும் முடிவில்லாமல் நிற்கும். 'சிங்க்' கேன்சலுக்கு இந்தத் தொல்லை இல்லை, ஓடாத வேலையை அது எடுத்துப் போட்டுவிட்டுத் திரும்பிவிடும்.

அப்படியானால் ஃப்ரீசபிள் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கலாமா? வேலையை ஓட்டுவது டைமர் மட்டும் என்றால் ஏறக்குறைய ஆமாம். ஆனால் உங்களிடம் அலர்ட் இன்டரப்ட் ஒன்று இருக்கிறதே. அது உறையும் க்யூவைக் கேட்டுக்கொண்டு வராது. இங்கேதான் நான் ஒருமுறை நன்றாகக் கையைச் சுட்டுக்கொண்டேன், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

டர்பனுக்கு வடக்கே டோங்காட்டில் ஒரு வீட்டில் நாங்கள் வைத்த பெட்டி, இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை செத்துப்போகும். போய்ப் பார்த்தால் பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருக்கும், நெட்வொர்க்கில் பதில் இருக்காது. சீரியல் கம்பியை மாட்டி, தூங்கும்போதும் லாக் திரையில் வரும்படி கெர்னல் தொடக்க வரியில் 'நோ கன்சோல் சஸ்பெண்ட்' சேர்த்து, அந்த வீட்டம்மா கொடுத்த தேநீரோடு ராத்திரி உட்கார்ந்தேன். குறித்த நேரம் தூங்க வைத்து எழுப்பும் ஆர்டிசி-வேக் கட்டளையை ஒரு சுழற்சியில் போட்டு 20 விநாடி தூக்கம், 20 விநாடி விழிப்பு என்று ஓடவிட்டேன். முந்நூற்றுச் சொச்சமாவது தடவை திரை நின்றது. கடைசி வரி எங்கள் டிரைவரின் சஸ்பெண்ட் அழைப்பு. திரும்பவில்லை. குறியீட்டைத் திறந்து பார்த்தபோது என் கையெழுத்துதான்: சஸ்பெண்டில் முதலில் டிரைவரின் ம்யூடெக்ஸை (ஒரு நேரத்தில் ஒருவரை மட்டும் விடும் பூட்டு) பூட்டி, பூட்டைக் கையில் வைத்துக்கொண்டே 'கேன்சல் டிலேய்ட் வொர்க் சிங்க்' அழைத்திருந்தேன். வேலையின் முதல் வரியும் அதே ம்யூடெக்ஸைத்தான் கேட்கும். வேலை அந்தக் கணத்தில் தொடங்கியிருந்தால் அது பூட்டுக்காக நிற்கும், நான் அது முடிய நிற்பேன். பூட்டுச் சிக்கல்களைக் கண்டுபிடிக்கும் கெர்னல் கருவியான லாக்டெப்பை இயக்கி ஒருமுறை ஓட்டியிருந்தால் இதை முதல் நாளே சொல்லியிருக்கும். பூட்டை விட்டுவிட்டுக் கேன்சல் செய்வது என்று மாற்றினேன். ஆனால் பூட்டு இல்லாத அந்தச் சின்ன இடைவெளியில் அலர்ட் இன்டரப்ட் வந்து, கேன்சல் செய்த வேலையை மறுபடி க்யூவில் போட்டது. தொங்குவது போய், சில சமயம் எழும்போது தப்பான அளவு காட்டுவது வந்தது. குழாயை மூடாமல் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

அன்றிலிருந்து நான் மாற்றாத வரிசை இதுதான்: வேலையைப் பிறப்பிக்கும் ஊற்று எதுவோ அதை முதலில் அடை, பிறகு வேலையைச் 'சிங்க்' கேன்சலால் நிறுத்து, அதற்கப்புறம்தான் சாதனத்தைத் தூங்க வை. ஊற்று இன்டரப்ட் என்றால் 'டிசேபிள் ஐ-ஆர்-க்யூ', அது ஓடிக்கொண்டிருக்கும் கையாளர் (இன்டரப்ட் வந்ததும் ஓடும் ஃபங்ஷன்) முடியும்வரை தானே காத்திருக்கும். டைமர் என்றால் 'டைமர் டிலீட் சிங்க்'. தன்னைத்தானே மறுபடி போட்டுக்கொள்ளும் வேலைக்குத் தனி ஏற்பாடு வேண்டாம், சிங்க் கேன்சல் அதைச் சமாளிக்கும். வெளியிலிருந்து யாராவது போடுவதை மட்டும் அதனால் தடுக்க முடியாது. எழும்போது முதலில் சாதனம், பிறகு வேலை, கடைசியில் ஊற்று. 2024இல் வந்த 6.10 கெர்னல் முதல் 'டிசேபிள் வொர்க் சிங்க்' என்று ஒன்று இருக்கிறது, டிலேய்ட் வொர்க்குக்கும் அதே போல உண்டு: வேலையை நிறுத்துவதோடு, மறுபடி இயக்கும்வரை யார் க்யூவில் போட்டாலும் ஏற்காது. நான் பல வருஷம் கொடி மாறிகளை வைத்துச் செய்ததை ஒரே வரியில் செய்கிறது. உங்கள் போர்டின் கெர்னல் 5 வரிசை என்று எழுதியிருக்கிறீர்கள், அதனால் உங்களுக்கு இப்போதைக்கு ஊற்றை அடைக்கும் வழிதான்.

அலர்ட் பின்னில் இன்னொரு நுணுக்கம். போர்டை எழுப்ப வேண்டும் என்பதால் நீங்கள் 'எனேபிள் ஐ-ஆர்-க்யூ வேக்' அழைத்திருக்கிறீர்கள், அது சரிதான். அது அடித்தால் போர்டு எழும். ஆனால் கையாளர் எப்போது ஓடும் தெரியுமா? எழும் வரிசையில் நோ-ஐ-ஆர்-க்யூ கட்டம் முடிந்ததும் கெர்னல் இன்டரப்ட்களைத் திறந்துவிடுகிறது, தூக்கத்தில் வந்து நிலுவையில் நின்ற இன்டரப்டும் அப்போதே கையாளரிடம் போகிறது. உங்கள் சிப்பின் ரெஸ்யூமுக்கு அது வெகு முன்பு. உங்கள் ஐ-டூ-சி கன்ட்ரோலர் எந்தக் கட்டத்தில் எழுகிறது என்பதைப் பொறுத்து, உங்கள் கையாளர் ஒரு தூங்கும் கம்பியில் சிப்பைப் படிக்கக் கிளம்பக்கூடும். ஃப்ரீசபிளுக்கு மாறிய பிறகும் அந்த எச்சரிக்கை முழுதாக மறையாமல் "குறைந்தது" என்று எழுதியிருக்கிறீர்களே, மிச்சம் வருவது இந்த வழியாக இருக்கலாம். இது என் ஊகம், ஏனென்றால் கன்ட்ரோலர் டிரைவரை நீங்கள் ஒட்டவில்லை. எச்சரிக்கையோடு வரும் அழைப்புத் தடத்தைப் பாருங்கள்: அதில் வொர்க்கர் த்ரெட் பெயர் இருந்தால் உங்கள் வேலை, ஐ-ஆர்-க்யூ என்று தொடங்கும் த்ரெட் பெயர் இருந்தால் நான் சொல்வது. இரண்டே நிமிடத்தில் தெரிந்துவிடும். அப்படித்தான் என்றால், கெர்னலிலேயே இருக்கும் மேக்ஸ் 17042 பேட்டரி டிரைவர் செய்வதைப் பின்பற்றலாம்: சஸ்பெண்டில் இன்டரப்டை டிசேபிள் செய்து, கூடவே வேக்கை எனேபிள் செய்கிறது, ரெஸ்யூமில் வேக்கை எடுத்துவிட்டு இன்டரப்டைத் திறக்கிறது. எழுப்பும் வேலை நடக்கும், கையாளர் மட்டும் உங்கள் ரெஸ்யூம் வரை காத்திருக்கும். இது பெரும்பாலான இன்டரப்ட் கன்ட்ரோலர்களில் ஒழுங்காக நடக்கிறது, ஆனால் எல்லாவற்றிலும் என்று சத்தியம் செய்ய மாட்டேன். உங்கள் போர்டில் அலர்ட் பின்னைக் கையால் தரையோடு தொட்டு எழுகிறதா என்று பார்த்துவிட்டு நம்புங்கள்.

ஆக உங்கள் டிரைவரை நான் எழுதினால் இப்படி எழுதுவேன். வேலையைப் பொது ஃப்ரீசபிள் க்யூவில் போடுவேன். சஸ்பெண்டில் இன்டரப்டை அடைத்து, பூட்டு எதையும் கையில் வைத்துக்கொள்ளாமல் சிங்க் கேன்சல், பிறகு வேக்கை எனேபிள் செய்து, சிப்பைக் குறைந்த மின் நிலைக்கு அனுப்புவேன். ஃப்ரீசபிள் இருக்கும்போது கேன்சல் எதற்கு என்று கேட்பீர்கள். எழுந்ததும் முதல் அளவு எப்போது என்பதை நான் தீர்மானிக்க விரும்புகிறேன், பழைய டைமரின் மிச்சம் தீர்மானிப்பதில் எனக்கு விருப்பமில்லை. ரெஸ்யூமில் சிப்பை எழுப்பி, வேக்கை எடுத்து, தாமதம் பூஜ்யம் என்று வேலையைக் க்யூவில் போட்டு, இன்டரப்டைத் திறந்துவிட்டுத் திரும்பிவிடுவேன். எதற்காகவும் காத்திருக்க மாட்டேன்.

சஸ்பெண்ட் ஃபங்ஷன் நடுவில் தோற்றால் என்ன ஆகும் என்பதைப் பெரும்பாலோர் மறந்துவிடுகிறார்கள். சிப் தூங்க மறுத்து நீங்கள் பிழைக் குறியைத் திருப்பினால், உங்களுக்கு முன்பு தூங்கியவர்களுக்கு ரெஸ்யூம் அழைக்கப்படும், தோற்ற உங்களுக்கு அழைக்கப்படாது. இன்டரப்டை அடைத்து வேலையைக் கேன்சல் செய்த நிலையிலேயே டிரைவர் கிடக்கும். போர்டு விழித்திருக்கும், பேட்டரி அளவு மட்டும் மணிக்கணக்காக மாறாமல் நிற்கும். ஆகவே பிழையோடு திரும்பும் ஒவ்வொரு வழியிலும் நீங்கள் கலைத்ததை நீங்களே அடுக்கிவிட்டுப் போக வேண்டும்.

நேரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை, மின்சாரம் நீண்ட நேரம் போகும் இடங்களுக்கு இது முக்கியம். டிலேய்ட் வொர்க்கின் டைமர் ஜிஃபீஸ் (கெர்னலின் நேரத் துடிப்பு எண்ணிக்கை) கணக்கில் ஓடுகிறது, தூக்கத்தில் அது நிற்கிறது. 10 நிமிடத்துக்கு ஒருமுறை ஓடும் வேலையில் 9 நிமிடம் பாக்கி இருக்கும்போது தூங்கி, இரண்டு மணி நேர லோட் ஷெடிங் முடிந்து எழுந்தால், இன்னும் 9 நிமிடம் பாக்கி என்றே அது நினைக்கும். மோனோடோனிக் கடிகாரமும் (பின்னோக்கிப் போகாத, கெர்னலின் ஓடும் நேரக் கடிகாரம்) அப்படியே நிற்கும். கடைசி அளவு எவ்வளவு பழையது, இடையில் எத்தனை ஆம்பியர்-மணி போனது என்று கணக்குப் போடுபவர்கள் 'கே-டைம் கெட் பூட்டைம்' எடுக்க வேண்டும், அது தூங்கிய நேரத்தையும் சேர்த்துச் சொல்லும். மோனோடோனிக்கை வைத்து ஓட்டத்தைக் கணக்கிட்ட ஒரு பெட்டியில், இரண்டு மணி நேரத்தில் இறங்கிய சார்ஜ் சில விநாடிகளில் இறங்கியதாகக் கணக்கு வந்து, பேட்டரி கெட்டுவிட்டது என்று அறிவித்து, வாடிக்கையாளர் நல்ல பேட்டரியைக் கழற்றி மாற்றியதை நான் பார்த்திருக்கிறேன். அந்தக் காசு திரும்ப வராது.

நீங்கள் கேட்காத ஒன்று: சிப்புக்கு ஃபர்ம்வேர் (சிப்புக்குள்ளேயே ஓடும் நிரல்) ஏற்ற வேண்டிய தேவை பின்னால் வந்தால், ரெஸ்யூம் ஃபங்ஷனில் கோப்பு முறைமையைத் தேடிப் போகாதீர்கள், அந்த நேரத்தில் சேமிப்பகமே எழுந்திருக்காமல் இருக்கலாம். முன்பு ஒருமுறை ஏற்றிய ஃபர்ம்வேரைக் கெர்னல் தூங்கும் முன் நினைவகத்தில் பிடித்து வைத்துக்கொள்ளும் வசதி இருக்கிறது. அது போதாதென்றால் பி-எம் நோட்டிஃபையரில், எல்லாம் உறையும் முன்பே, எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

சோதிக்கும் விதம். முழுத் தூக்கத்தில் தொடங்க வேண்டாம். பி-எம் டீபக் இயக்கிய கெர்னலில், சிஸ் கோப்பகத்தின் பவரின் கீழ் 'பி-எம் டெஸ்ட்' கோப்பு இருக்கும். அதில் 'ஃப்ரீசர்' என்று எழுதித் தூங்கச் சொன்னால் உறையும் கட்டம் மட்டும் நடந்து, 5 விநாடி நின்று திரும்பும். 'டிவைசஸ்' என்று எழுதினால் டிரைவர்களின் சஸ்பெண்ட் வரை போய்த் திரும்பும். முதலாவதில் சரியாக இருந்து இரண்டாவதில் தொங்கினால், தப்பு டிரைவர் ஒன்றின் சஸ்பெண்டிலோ ரெஸ்யூமிலோதான், தேடும் இடம் சுருங்கிவிடும். 'பி-எம் பிரிண்ட் டைம்ஸ்' கோப்பில் 1 எழுதினால் எந்தச் சாதனத்தின் அழைப்பு எவ்வளவு நேரம் எடுத்தது என்று வரிவரியாக வரும், தொங்கும்போது கடைசியாகத் தொடங்கித் திரும்பாத பெயர்தான் குற்றவாளி. டிபிஎம் வாட்ச்டாக் (டிரைவர்கள் தூங்கி எழுவதைக் கண்காணிக்கும் வசதி) இயக்கிக் கெர்னலைக் கட்டினால், ஒரு டிரைவர் 120 விநாடிக்கு மேல் நின்றால் கெர்னலே விழுந்து தடத்தைக் கொடுக்கும். கடையில் வைக்கும் பெட்டிக்கு அதை விட்டுவையுங்கள், தொங்கிக் கிடப்பதைவிட விழுந்து மறுபடி எழுவது நல்லது. விழுந்ததும் தானாக மறுதொடக்கம் ஆக 'பேனிக்' அளவுருவில் ஒரு விநாடிக் கணக்கும் கொடுத்துவிடுங்கள்.

பிறகு ஆர்டிசி-வேக் சுழற்சியை ஒரு ராத்திரி முழுக்க ஓடவிடுங்கள். உங்கள் வேலை 10 விநாடிக்கு ஒருமுறை ஓடுகிறது, ஒரு தடவைக்குச் சில மில்லிவிநாடிதான் எடுக்கும். சஸ்பெண்டும் அதுவும் ஒன்றையொன்று இடிக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. அதனால் சோதனைக்கு மட்டும் இடைவெளியை 10 மில்லிவிநாடியாக்கி, வேலைக்குள் ஒரு 'எம்-ஸ்லீப்' (சில மில்லிவிநாடி காத்திருக்கும் ஃபங்ஷன்) போட்டு அதை நீட்டுங்கள். மாதக்கணக்கில் ஒளிந்திருக்கும் பிழை அரை மணி நேரத்தில் வந்து நிற்கும். அலர்ட் பின்னையும் மறக்காமல் அடித்துப் பாருங்கள், தூங்கும்போதும், தூங்கப் போகும் அந்த அரை விநாடியிலும். ஃப்ளஷ் வரியை எடுத்த பிறகும் தொங்கினால், 'நோ கன்சோல் சஸ்பெண்ட்' போட்டு எடுத்த கடைசி ஐம்பது வரியையும், ஐ-டூ-சி கன்ட்ரோலர் டிரைவரின் பெயரையும் எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.